கந்துகவரியும் கைப்பெட்டியும்

ஒரு வாக்குமூலத்துடன் தொடங்குவதே முறை. நாங்கள் ஒரு சிறுவனிடமிருந்து விளையாட்டுக் கருவி ஒன்றைப் பறித்தோம். பறித்ததோடு நில்லாமல், அவனுக்குத் தெரியாமல் இரண்டு மாதகாலம் அதில் நாங்களே விளையாடித் தீர்த்தோம்.

மந்தைவெளியில் நண்பர் ஒருவரது வீட்டு முன்னறையில் சனிக்கிழமை மாலைகளில் சிறுவர்க்கான வாசிப்பு வகுப்பு ஒன்றை நடத்திவருகிறோம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேரைப் பெற்றோர் அனுப்புகிறார்கள். மீதிப் பேரை வகுப்பின் முடிவில் கிடைக்கும் சுண்டல் அழைத்துவருகிறது. சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு மாலை, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கடைசி வரிசையில் மடிமீது எதையோ வைத்துக்கொண்டு குனிந்திருப்பதைக் கண்டோம். சுற்றிலும் நடப்பது எதுவும் அவன் காதில் விழவில்லை. ஆழ்ந்த வாசிப்பு என்று முதலில் மகிழ்ந்தோம். அருகில் சென்று பார்த்தபோது, புத்தகம்போல் விரித்து மூடத்தக்க, இரண்டு சிறு திரைகள் கொண்ட நிண்டெண்டோ டிஎஸ் கருவி அவன் கையில் இருந்தது. நியூ ஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியம்மா மகன் தனக்கு இனித் தேவையில்லையென்று விட்டுச்சென்றதாம்.

வாங்கி வைத்துக்கொண்டோம். வகுப்பு முடிந்ததும் தாயாரிடம் ஒப்படைப்பதாக எண்ணம். அவரோ, “முழுப் பரீட்சை முடியறவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும் சார், வீட்ல இருந்தா எங்க ஒளிச்சு வெச்சாலும் எடுத்துடுவான்” என்று கூறிச் சார்ஜரையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். போதாக்குறைக்கு, பையன் புத்தகம் தொடாததற்கு இந்தச் சனியன்தான் காரணமா என்று எங்களைக் கேட்டார். ஆம் என்றோம். சற்றும் தயங்காமல் சொன்னோம். அந்த ‘ஆம்’ குறித்தே இக்கட்டுரை.

*

அன்றிரவு எங்களுள் ஒருவர், கருவி வேலை செய்கிறதா என்று ‘சோதித்துப் பார்ப்பதற்காக’ அதைத் திறந்தார். உள்ளே செருகியிருந்த ஆட்டத்தின் பெயர் ‘ஆர்க்கனாய்ட் டிஎஸ்’. திரையின் மேற்பகுதியில் வண்ணக் கற்களாலான சுவர். கீழே இடவலமாக மட்டும் நகரும் ஒரு சிறு மட்டை. இடையில் ஒரு பந்து. பந்து சுவரில் மோதினால் ஒரு கல் உடையும். திரும்பிவரும் பந்தை மட்டையில் ஏந்தி மீண்டும் மேலே அனுப்ப வேண்டும். தவறவிட்டால் போயிற்று. எல்லாக் கற்களும் உடைந்தால் அடுத்த சுவர். விதி இவ்வளவே. எழுத்தறியாதவர்க்கும் அரை நிமிடத்தில் விளங்கிவிடும். ஆயினும் அன்றிரவு சோதனை முடிய ஒன்றரை மணி ஆயிற்று.

இந்த ஆட்டத்தின் மூதாதை 1976இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘பிரேக்கவுட்’. கருவி கருப்பு வெள்ளைதான். திரைமீது வண்ணத்தாள் பட்டைகளை ஒட்டியே கற்களுக்கு நிறம் தந்தார்கள். எட்டு வரிசை, வரிசைக்குப் பதினான்கு கல். கீழிருந்து மேலாக இரண்டிரண்டு வரிசைகளுக்கு முறையே 1, 3, 5, 7 என்று மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் ஒரு சுவருக்கு 448. இரண்டு சுவருக்கு 896. அத்துடன் ஆட்டம் தீர்ந்தது. இரண்டாம் சுவரையும் தகர்த்துவிட்டவனுக்கு மூன்றாவது சுவர் எழுவதில்லை. காலி அறையில் பந்து தன்பாட்டுக்கு மோதிக்கொண்டிருக்கும். இந்தக் காலி அறையைக் குறித்துப் பின்னர் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலக்கிய வாசகருக்குச் சுவையான கிளைக்கதையொன்றும் இதில் உண்டு. இவ்வாட்டத்தின் மாதிரிச் சுற்றைக் குறைந்த சில்லுகளைக் கொண்டு செய்துதரும் வேலை, அப்போது அட்டாரியில் பணியாற்றிய ஸ்டீவ் ஜாப்ஸ் என்னும் இளைஞரிடம் தரப்பட்டது. 1974இல் ஞானம் தேடி இந்தியாவுக்கு வந்து திரும்பியிருந்தவர். அவர் அதைத் தம் நண்பரும் அன்று ஹியூலெட் பேக்கார்டு ஊழியருமான ஸ்டீவ் வாஸ்னியாக்கிடம் தள்ளிவிட்டார். வாஸ்னியாக் நான்கே நாட்களில், உறக்கமின்றி, அதைச் செய்துமுடித்தார். வடிவமைப்பு அத்தனை இறுக்கமாக இருந்தபடியால் தொழிற்சாலையில் அதை அப்படியே உற்பத்தி செய்ய இயலவில்லை. வேறொரு வடிவமே சந்தைக்கு வந்தது. சில்லுகளைக் குறைத்ததற்காகக் கிடைத்த ஊக்கத்தொகையை ஜாப்ஸ் நண்பரிடம் மறைத்துவிட்டார் என்பதும், அதைப் பல்லாண்டுகள் கழித்து அறிந்தபோது வாஸ்னியாக் மனம் நொந்தார் என்பதும் வரலாறு. ஆனால் 1977இல் வந்த ஆப்பிள் 2 கணிப்பொறிக்கு நிறமும் ஒலியும் திருகுகுமிழ்களும் அமைந்ததற்கு, பிரேக்கவுட் ஆட்டத்தை மென்பொருளாகவே எழுதி ஆடிப்பார்க்க வேண்டும் என்ற தம் ஆசையும் ஒரு காரணம் என்று வாஸ்னியாக்கே கூறியிருக்கிறார். விளையாட்டுப் பித்து ஒருவரை எங்கே கொண்டுசேர்க்கும் என்று யார் கணிப்பது?

பத்தாண்டுகள் கழித்து, 1986இல், ஜப்பானின் டைட்டோ நிறுவனம் இதே பந்தையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு ‘ஆர்க்கனாய்ட்’ என்ற பெயரில் மறுவார்ப்புச் செய்தது. உடையும் கற்களிலிருந்து சிறு குளிகைகள் உதிரும். ஒன்றைப் பிடித்தால் மட்டை நீளும்; ஒன்று பந்தின் வேகத்தைத் தணிக்கும்; ஒன்று பந்தை மூன்றாக்கும்; ஒன்று மட்டைக்குத் துப்பாக்கி தரும். ஆனால் குளிகையைப் பிடிக்க ஓடினால் பந்து போய்விடும். ஆசைக்கும் கடமைக்கும் இடையிலான இந்த இழுபறிதான் டைட்டோ சேர்த்த புதுச்சுவை. பலமுறை அடித்தால் மட்டுமே உடையும் வெள்ளிக் கற்களும், எப்போதும் உடையாத பொற்கற்களும் வந்தன. முப்பத்து மூன்றாம் சுற்றில் ஈஸ்டர் தீவுச் சிலைபோல ஒரு பெருந்தலை எதிரியாக நிற்கும். அச்சிலைகளுக்கு உலகம் வழங்கும் பெயர் மோவாய். அவற்றின் மோவாய்க்கட்டையைப் பார்த்த தமிழர் எவரும் பெயர்ப்பொருத்தத்தை வியக்காதிருக்க முடியாது.

அந்த ஆர்க்கனாய்ட் 2007 டிசம்பரில் ஜப்பானிலும், 2008இல் அமெரிக்காவிலும் கையடக்க வடிவில் மறுபிறவி எடுத்தது. அதுவே எங்கள் கைக்கு வந்தது. இரண்டு திரைகளும் சேர்ந்து ஒரே உயரமான ஆடுகளமாகின்றன. எழுதுகோல்போன்ற ஒரு குச்சியால் கீழ்த்திரையில் மட்டையை இழுக்கலாம். பழைய நாணயப்பெட்டிகளில் இருந்த திருகுகுமிழின் நயத்தை விரும்பியவர்களுக்காக, கருவியில் செருகத்தக்க ஒரு சிறு குமிழையும் ஜப்பானில் தனியே விற்றார்கள். ஒரு பழம்பனுவலைப் புதிதாக அச்சிடும்போது அதன் யாப்பு கெடாமல் காக்கவேண்டும் என்ற பதிப்பாசிரியரின் அக்கறை இதில் தெரிகிறது. குமிழ்தான் அவ்வாட்டத்தின் யாப்பு.

*

இது எங்கோ அயல்நாட்டார் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டா. சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இச்சுவர் பலமுறை எழுந்து பலமுறை உடைந்திருக்கிறது.

தொண்ணூறுகளில் பர்மா பஜாரிலிருந்து தியாகராய நகர் நடைபாதைகள்வரை விற்ற ‘பிரிக் கேம்’ பெட்டியை யார் மறப்பார்? ‘9999 இன் 1’ என்று முகப்பில் பொறித்திருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களே வேகம் மாறி மாறி வரும். அவற்றுள் ஒன்று நம் கல்லுடைப்பு ஆட்டம். பந்தும் கட்டம், கல்லும் கட்டம், மட்டையும் கட்டம். இரண்டு பென்சில் பாட்டரி தீரும்வரை கோடை விடுமுறை நகரும். பிறகு பிரவுசிங் சென்டர்களும் அலுவலகக் கணிப்பொறிகளும் வந்தன. 1996இல் வெளியான ‘டிஎக்ஸ் பால்’ அவற்றில் குடியேறியது. மயிலாப்பூரில் கணக்கர் அலுவலகமொன்றில் பணியாற்றிய எங்கள் நண்பர், மேலாளரின் காலடி ஓசை கேட்டதும் பந்தை அந்தரத்தில் நிறுத்தி ஆண்டறிக்கையைத் திரைக்குக் கொண்டுவரும் கலையில் தேர்ந்தவர். அதன்பின் பிளாக்பெர்ரி தொலைபேசியில் ‘பிரிக் பிரேக்கர்’. ஆக, முப்பது ஆண்டுகளில் நான்கு கருவிகள் மாறின, பந்து மாறவில்லை.

ஏன் மாறவில்லை? சென்னைவாசிக்கு இதற்கு விடை சொல்லக் கணிப்பொறி வேண்டியதில்லை. கேரம் பலகை போதும். கட்டையில் பட்டுத் திரும்பும் காய் எக்கோணத்தில் வரும் என்று விரல் அறிந்திருப்பதே கேரத்தின் உயிர். அர்ஜுனா விருது பெற்றவரும் இருமுறை உலகச் சாம்பியனுமான மரிய இருதயம் இந்நகரத்தவர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னையின் பெண். படும் கோணமும் மீளும் கோணமும் சமம் என்ற ஒளியியல் விதியை இந்நகரம் தெருவோரக் கேரம் கிளப்புகளில் விரல்நுனியால் கற்றுவந்திருக்கிறது. கல்லுடைப்பு ஆட்டம் அவ்விதியில் ஒரு சிறு குறும்பைச் சேர்க்கிறது: மேலே சுவரில் பட்டால் கோணம் விதிப்படி, கீழே மட்டையில் பட்டாலோ, மட்டையின் எந்த இடத்தில் பட்டது என்பதைப் பொறுத்துக் கோணம் மாறும். பாதி விதியின் கையில், பாதி நம் கையில். ஆட்டத்தின் ஈர்ப்பு முழுவதும் இந்தப் பங்கீட்டில் அடங்கியிருக்கிறது எனலாம்.

ஒரு நாள், சேப்பாக்கத்திலிருந்து பறக்கும் ரயிலில் திரும்பிய எங்கள் நண்பர் திருமயிலை நிலையத்தில் இறங்க வேண்டியவர், மந்தைவெளியும் தாண்டிக் கிரீன்வேஸ் சாலையில் விழித்துக்கொண்டார். கேட்டதற்கு, ஒரே ஒரு கல் மீதியிருந்தது என்றார். அந்த ஒற்றைக் கல்லின் கொடுமை ஆடியவர்க்கே தெரியும். நூறு கற்களை உடைக்க ஆன நேரத்தைவிட மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கடைசிக் கல்லுக்கு அதிக நேரம் ஆகும். வெண்பாவில் மூன்றடி தானாக வந்து, ஈற்றடியின் ஈற்றுச்சீர் மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு எதிலும் வந்து அமராமல் வாட்டுவதை அறிந்தவர்கள் எங்களை மன்னிப்பார்கள்.

*

இனி, எங்களுக்குள் நடந்த சண்டை.

நாகேசுவரராவ் பூங்காவில் ஞாயிறு காலை கூடும்போது செய்தி வெளிப்பட்டுவிட்டது. அடையாறிலிருந்து வரும் மூத்த நண்பர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, எங்களைக் கடிந்துகொண்டார். பிள்ளையிடம் பறித்ததைப் பெரியவர்கள் ஆடுவது ஒழுக்கக்கேடு என்பது அவரது முதற் குற்றச்சாட்டு. அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. இலக்கியம் பேசுகிறவர்கள் இத்தகைய வெற்றுப் பொழுதுபோக்கில் இறங்கலாமா என்பது இரண்டாவது. அதற்கு மறுமொழி உண்டு.

சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையை நாம் மறந்துவிட்டோமா? அங்கே சோழனை வாழ்த்த அம்மானை வரி. பாண்டியனை வாழ்த்தக் கந்துக வரி. சேரனை வாழ்த்த ஊசல் வரி. அம்மானை காய் எறிந்து பிடிக்கும் ஆட்டம். கந்துகம் பந்து. மூன்று முடிமன்னர்களையும் வாழ்த்த இளங்கோ மூன்று விளையாட்டுகளைத் தேர்ந்தாரென்றால், விளையாட்டு வெற்றுப் பொழுதுபோக்கு என்று அவர் கருதவில்லை என்பது தெளிவு. பெருங்கதையில் மானனீகை பந்தடிக்கும் பகுதி இதனினும் விரிவானது. மகளிர் ஒருவர்பின் ஒருவராகப் பந்தடிக்க, அடித்த கணக்கு ஆயிரம் ஆயிரமாக ஏறிக்கொண்டே போகும். விளையாட்டுக் கருவிகளில் வரும் உயர்மதிப்பெண் பட்டியலைக் கொங்குவேளிர் அன்றே வகுத்துவிட்டார் என்று நாங்கள் சொன்னபோது மூத்த நண்பரும் சிரித்துவிட்டார். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கும் இடம் வந்தால் சந்தமே பந்தாகித் துள்ளும். இவற்றையெல்லாம் மேடையேறி விதந்தோதுகிறோம். உ.வே.சா. 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1924இல் பெருங்கதையையும் அச்சேற்றியதற்காக நன்றி பாராட்டுகிறோம். ஆனால் ஏட்டில் இருக்கும் பந்துக்குத் தரும் மதிப்பைக் கடைசி வரிசைப் பையனின் மடியில் இருக்கும் பந்துக்குத் தர மனம் வருவதில்லை.

மூத்த நண்பர் விடவில்லை. அவர் சொன்னது வலுவான வாதம் என்பதால் சுருக்கமாகவேனும் பதிவுசெய்வது நேர்மை. கந்துகமாடும் பெண் எழுகிறாள், அமர்கிறாள், சுழல்கிறாள். உடல் முழுதும் ஆடுகிறது. தோழியர் சூழ்ந்திருக்கிறார்கள். பாட்டு பிறக்கிறது. இந்தச் சிறுவனோ தனியே, முதுகு வளைந்து, கட்டைவிரல் மட்டும் அசைய அமர்ந்திருக்கிறான். இங்கே பாட்டு எங்கே, தோழமை எங்கே?

உடல் குறித்து அவர் சொன்னதை ஏற்கிறோம். எந்தக் கருவியும் சோமசுந்தரம் மைதானத்தின் மாலை நேரத்துக்கு ஈடாகாது. ஆனால் தனிமை குறித்த வாதத்தை எங்களால் ஏற்க இயலவில்லை. டான் பிராட்மன் பவுரல் என்னும் சிற்றூரில் சிறுவனாக இருந்தபோது, ஒரு கோல்ஃப் பந்தைத் தண்ணீர்த்தொட்டியின் சுவரில் எறிந்து, திரும்பி வருவதைக் கிரிக்கெட் ஸ்டம்பு ஒன்றால் அடித்து, தனக்குத்தானே ஆடிக்கொண்டிருந்தார் என்பது உலகறிந்த செய்தி. சுவர், பந்து, மட்டை, தனியொரு சிறுவன். மேலும், தனியே, முதுகு வளைந்து, அழைத்தால் காதில் விழாமல் அமர்ந்திருப்பவன் என்ற வருணனையை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? நம் தாய்மார்கள் நம்மைக் குறித்துச் சொன்னதுதான் அது. அப்போது நம் மடியில் இருந்தது தொடர்கதை. ‘கதைப்புத்தகம் படித்துக் கெட்டுப்போகிறான்’ என்ற வசவை வாங்காமல் வளர்ந்த வாசகர் நம்மில் எத்தனை பேர்?

*

இதனால் எல்லா மின்விளையாட்டும் நல்லது என்று சொல்ல வருகிறோமா? இல்லை. இங்கேதான் அந்தக் காலி அறையை நினைவுகூர வேண்டும்.

பிரேக்கவுட் 896இல் முடிந்தது. ஆர்க்கனாய்ட் முப்பத்து மூன்று சுற்றுகளில் முடிந்தது. எங்கள் கையிலிருந்த மறுவார்ப்பும் காசு கொடுத்து ஒருமுறை வாங்கினால் முழுமையாக நம்முடையது. அக்கருவிக்கான இணையச் சேவையை நிண்டெண்டோ 2014 மே மாதத்திலேயே நிறுத்திவிட்டது; ஆகவே இன்று அது உலகத்தோடு தொடர்பற்ற ஒரு சிறு பெட்டி. அதை யாரும் அழைக்க முடியாது. அதுவும் நம்மை அழைக்காது. மூடி வைத்தால் மூடியபடி இருக்கும்.

இதே கல்லுடைப்பு ஆட்டத்தைக் கைபேசியில் இலவசமாக இறக்கிப் பார்த்தோம். ஒப்பீடு செய்யவேண்டும் என்ற நேர்மையான நோக்கம்தான். ஒரு சுவர் உடைந்ததும் அரை நிமிட விளம்பரம். மூன்று முறை தோற்றால், காசு தா, அல்லது இன்னொரு விளம்பரம் பார், அல்லது அரைமணி காத்திரு என்று மூன்று தண்டனைகளுள் ஒன்றைத் தேரச்சொன்னது. மறுநாள் காலை, நாங்கள் வராததால் வருந்துவதாக அறிவிப்பு அனுப்பியது. சுவர்களுக்கு முடிவே இல்லை. நூறு, ஆயிரம் என்று எண் ஏறிக்கொண்டே போயிற்று. பந்தும் மட்டையும் அதே. ஆயினும் அது வேறு பொருள். முதலாவது ஆட்டத்தைச் செய்தவர் நாம் ஆடி முடிக்கவேண்டும் என்று விரும்பினார். இரண்டாவதைச் செய்தவருக்கு நாம் முடிக்காமல் இருப்பதில்தான் வருவாய்.

எனவே எங்கள் கருத்து இது. பிள்ளைகளின் பொழுதை ‘புத்தகம் நல்லது, திரை தீயது’ என்று பிரிப்பது சோம்பேறித்தனம். அன்று அந்தத் தாயாரிடம் ‘ஆம்’ என்றபோது நாங்கள் செய்தது அச்சோம்பேறித்தனமே. முடிவுள்ளது எது, முடிவற்றது எது என்று கேட்டுப் பிரித்தால் காரியம் தெளிவாகும். நாவலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கச்சேரிக்கு மங்களம் உண்டு. கேரத்துக்குக் கடைசிக் காய் உண்டு. கடைசிப் பக்கம் உள்ள எதனோடும் ஒரு மனிதன் உறவு கொள்ள முடியும்: தொடங்கலாம், தேறலாம், தோற்கலாம், முடிக்கலாம், பின்பு எழுந்து சாப்பிடப் போகலாம். கடைசிப் பக்கத்தைத் திட்டமிட்டு நீக்கிவிட்ட பொருளிடம் உறவு என்ற சொல்லே பொருந்தாது. அப்படிப் பார்த்தால், முடிவின்றி உருண்டோடும் செய்தித் துணுக்குகளை நள்ளிரவுவரை விரலால் தள்ளிக்கொண்டிருக்கும் நாங்கள், எழுத்தைத்தான் படிக்கிறோம் என்றாலும், கடைசி வரிசைப் பையனைக் கண்டிக்கத் தகுதியற்றவர்கள்.

பழைய ஆட்டங்களின் மறுவார்ப்பை நாங்கள் வரவேற்பதும் இதனால்தான். 1976இன் வடிவத்தில் காலத்தின் கட்டாயத்தால் அமைந்த சிக்கனம் இருந்தது. சில்லு குறைவு, நினைவகம் குறைவு, ஆகவே ஒரு பந்து, ஒரு மட்டை, ஒரு சுவர். அச்சிக்கனத்தை அழகாக உணர்ந்தவர்கள், வசதிகள் பெருகிய பிறகும் அதைக் கைவிடாமல் புதுக்கியிருக்கிறார்கள். நல்ல மறுபதிப்பு செய்யவேண்டியது இதுவே. ஏட்டுப்பிழை நீக்கலாம், தாள் உயர்த்தலாம், அட்டை மாற்றலாம், பாடத்தில் கைவைக்கலாகாது. எங்கள் நண்பரான தியாகராய நகர்ப் பதிப்பகப் பிழைதிருத்துநர் இதைக் கேட்டு, உங்கள் ஆட்டத்தை நியாயப்படுத்த உ.வே.சா.வையே இழுத்துவிட்டீர்கள் என்றார். ஒப்புக்கொண்டோம். அவருடைய முறை வந்ததும் அவரும் ஆடினார்.

இழப்பும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. மார்ச் மாதக் கூட்டத்துக்குப் படித்துவர வேண்டிய நாவலை எங்களில் இருவரே முடித்திருந்தார்கள். காரணம் யாவர்க்கும் தெரியும். யாரும் பேசவில்லை.

*

ஏப்ரலில் தேர்வு முடிந்தது. சனிக்கிழமை மாலை பையன் வந்தான். நாங்கள் கருவியை நன்றாகத் துடைத்து, முழுதும் சார்ஜ் ஏற்றி, சற்று மிகையான கனிவோடு அவனிடம் கொடுத்தோம். அவன் அங்கேயே திறந்தான். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நிமிர்ந்து, “சார், இந்த ஸ்கோர் நான் அடிச்சது இல்லையே” என்றான்.

உயர்மதிப்பெண் பட்டியலை நாங்கள் யோசிக்கவே இல்லை. அவனுடைய எண்களுக்கு இடையில் எங்கள் எண்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. கொங்குவேளிரை அறிந்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். இரண்டு மாதமாக நாங்கள் சொல்லாமல் மறைத்ததை அந்தப் பெட்டி ஒரு நொடியில் சொல்லிவிட்டது. வேறு வழியின்றி ஒப்புக்கொண்டோம். அவனைக் கண்டித்துவிட்டு அவனுடைய பொருளிலேயே ஆடியது தவறு என்று, மற்றப் பிள்ளைகள் முன்னிலையில், மன்னிப்புக் கேட்டோம். வகுப்பு முழுதும் மகிழ்ச்சியில் ஆரவாரித்தது. அவன் மட்டும் ஆரவாரிக்கவில்லை. எங்கள் எண்களை உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்க நடுவுலயே அடிக்கறீங்க சார், அதான் இவ்ளோ கம்மி” என்றான்.

அடித்துக் காட்டினான். சுவரை அகலவாக்கில் உடைப்பது வீண்வேலை. ஓரமாக ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்து மேலே செல்ல ஒரு சந்து உண்டாக்க வேண்டும். பந்து அச்சந்தின் வழியே சுவருக்குப் பின்னால் ஏறிவிட்டால், கூரைக்கும் கற்களுக்கும் இடையில் தானே மோதி மோதி உடைத்துக்கொண்டிருக்கும். ஆடுபவன் சும்மா இருக்கலாம். “உள்ள அனுப்பிட்டா அதுவே பாத்துக்கும் சார்.”

டீப்மைண்ட் நிறுவனத்தார் பிரேக்கவுட் ஆடக் கணிப்பொறி நிரலொன்றைப் பயிற்றுவித்து, அதை 2015 பிப்ரவரியில் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஆட்டவிதி எதையும் சொல்லித்தராமல் திரையையும் மதிப்பெண்ணையும் மட்டும் காட்டி ஆடவிட்டார்கள். நூற்றுக்கணக்கான ஆட்டங்களுக்குப் பின் அந்நிரல் தானாகவே கண்டறிந்த உத்தி, ஓரத்தில் சந்து குடைந்து பந்தைப் பின்புறம் அனுப்புவது. செயற்கை அறிவின் வரலாற்றில் அதைப் பெரிய செய்தியாகக் கொண்டாடினார்கள். அதே உத்தியை மந்தைவெளியில் ஒரு ஏழாம் வகுப்புப் பையன் கடைசி வரிசையில் குனிந்தபடி கண்டறிந்திருந்தான். நாங்கள் அதற்குக் கவனக்குறைவு என்று பெயரிட்டோம். நான்கு பட்டதாரிகள் இரண்டு மாதம் ஆடியும் எங்களுக்கு அது தோன்றவில்லை.

இதன்பிறகு அவன் பெருவாசகனாகிவிட்டான் என்று முடித்தால் கட்டுரைக்கு அழகாக இருக்கும், உண்மையாக இராது. நாங்கள் தந்த புத்தகம் இன்றும் அவன் பையில் முப்பதாம் பக்கத்தில் மடிக்கப்பட்டுக் கிடக்கிறது. ஆயினும் சனிக்கிழமைகளில் தவறாமல் வருகிறான். அவன் தாயாரிடம் சென்று, அன்று நாங்கள் சொன்ன ‘ஆம்’ யோசியாமல் சொன்னது என்பதையும் தெரிவித்துவிட்டோம். அவர் எங்களைச் சற்று ஐயத்தோடுதான் பார்த்தார். வகுப்பில் ஒரே ஒரு விதி மாறியிருக்கிறது: சுண்டலுக்குப் பிறகு கால்மணி நேரம் கருவி வெளியே வரும், ஆளுக்கு ஒரு சுவர், உடைந்தாலும் உடையாவிட்டாலும் அடுத்தவர் கைக்குப் போய்விடவேண்டும். ஆடுபவரைச் சுற்றிப் பிள்ளைகள் நின்று கத்துகிறார்கள். தோழியர் சூழ என்று மூத்த நண்பர் கேட்டது ஏறக்குறைய இதுதான். சென்ற வாரம் வரிசையில் அவரும் நின்றார். பட்டியலின் முதலிடத்தில் மீண்டும் பையனின் எண்தான் இருக்கிறது; எங்களுடையது ஒன்றுகூட முதல் ஐந்தில் இல்லை.